ஜான் மில்ன்

ஜான் மில்ன் (டிசம்பர் 30, 1850 – ஜூலை 31, 1913) இங்கிலாந்தைச் சேர்ந்த நிலவியலாளரும் சுரங்கப் பொறியியலாளரும் ஆவார். நவீன நிலநடுக்கவியலின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். அதிரும் நிலத்திலிருந்து கட்டடத்தைப் பிரித்து நிறுத்தும் முறையைச் செய்து பார்த்த முதல் அறிஞர்களுள் இவரும் ஒருவர். அருங்காட்சியகங்களில் சிலைகளைக் காக்க இன்று பயன்படும் முறைகளுள் ஒன்று இதே கோட்பாட்டைச் சார்ந்ததாகும்.

இளமையும் ஜப்பான் பயணமும்

லிவர்ப்பூலில் பிறந்த மில்ன், இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் அரச சுரங்கக் கல்லூரியிலும் பயின்றார். நியூபவுண்ட்லாந்தில் சுரங்கப் பணிகளில் ஈடுபட்டார். 1875 இல் டோக்கியோவின் பேரரசுப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. சைபீரியா வழியாகத் தரைவழியே பயணம் செய்து 1876 மார்ச்சில் அங்குச் சென்றடைந்தார். 1881 இல் ஹக்கோடேட் நகரப் பௌத்த மடத் தலைவரின் மகளான தோனே என்பவரை மணந்தார்.

நிலநடுக்க ஆய்வுகள்

1880 பெப்ரவரி 22 அன்று யோக்கோகாமாவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதையடுத்து அவ்வாண்டிலேயே ஜப்பானிய நிலநடுக்கவியல் கழகம் தோன்ற மில்ன் காரணமாக இருந்தார். ஜேம்ஸ் யூவிங், தாமஸ் கிரே ஆகியோரும் இவரும் நிலநடுக்கமானிகளை உருவாக்கினர். 1891 இல் மினோ-ஓவாரி நிலநடுக்கத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் அழிவுகளை மில்ன் ஆராய்ந்து பதிவு செய்தார்.

தூண்களும் கல்லறைக் கற்களும் எவ்வளவு அதிர்ச்சியில் கவிழும் என்பதை இவர் ஆராய்ந்தார். செங்கல் தூண்களைக் கிடைத்திசையில் அசைத்துப் பார்க்கும் சோதனைகளை ஒமோரி புசாகிச்சியுடன் சேர்ந்து நடத்தினார். உயரத்துடன் ஒப்பிட அடிப்பகுதி அகலமாக உள்ள பொருள் எளிதில் கவிழாது. அருங்காட்சியகங்களில் பீடத்தினுள் எடை சேர்த்துப் புவியீர்ப்பு மையத்தைத் தாழ்த்துவதும் இவ்விதியையொட்டியதே.

குண்டுகளின் மேல் கட்டடம்

1880களில் மில்ன் ஒரு சிறு கட்டடத்தை வார்ப்பிரும்புக் குண்டுகளின் மேல் நிறுத்தினார். நிலம் அசையும்போது குண்டுகள் உருளுவதால் அதிர்வு மேலே குறைவாகவே செல்லும் என்பது கருத்து. முதலில் 10 அங்குலக் குண்டுகளைப் பயன்படுத்தினார். அப்போது காற்று வீசினாலே கட்டடம் அசைந்தது. எனவே குண்டுகளைப் படிப்படியாகச் சிறிதாக்கி, இறுதியில் கால் அங்குல அளவுக்குக் கொண்டுவந்தார். உராய்வு கூடியதால் கட்டடம் காற்றுக்கு நிலையாக நின்றது. எளிதில் நகரவும் வேண்டும், வீணாக அசையவும் கூடாது என்ற இச்சிக்கல் இன்றைய வடிவமைப்பாளர்களுக்கும் உரியது.

இறுதிக் காலம்

1895 பெப்ரவரியில் ஏற்பட்ட தீவிபத்தில் இவரது வீடும் கருவிகளும் நூல்களும் அழிந்தன. அவ்வாண்டே இங்கிலாந்து திரும்பி, வைட் தீவின் சைட் என்னும் ஊரில் ஆய்வகம் அமைத்தார். பல நாடுகளில் அமைந்த நிலையங்கள் இவரது கருவிகளால் பதிவுகளைச் சேகரித்து அங்கு அனுப்பின. தமிழ்நாட்டின் கொடைக்கானல் வான்நோக்கு நிலையத்திலும் மில்ன் நிலநடுக்கமானி நிறுவப்பட்டது. 1908 இல் அரச கழகத்தின் அரச பதக்கம் பெற்றார். 1913 இல் சிறுநீரக நோயால் காலமானார்.

பிற்காலப் பயன்பாடு

டோக்கியோவிலுள்ள தேசிய மேற்கத்தியக் கலை அருங்காட்சியகத்தின் முதன்மைக் கட்டடம் 1998 இல் அதிர்வுத் தனிமைப்படுத்திகளின் மேல் அமர்த்தப்பட்டது. இத்தாலியின் ரெஜ்ஜோ கலாபிரியா அருங்காட்சியகத்தில் ரியாச்சே வெண்கலச் சிலைகள் 2013 முதல் பளிங்குப் பீடங்களில் நிற்கின்றன. ஒவ்வொரு பீடத்தின் இரு பளிங்குக் கட்டைகளுக்கும் இடையே, குழிவான பரப்புகளில் பளிங்குக் குண்டுகள் உருளும்.