இழப்பிலும் இறைவனைக் கண்ட புனித தேவசகாயம்

குடும்பத்தில் துன்பங்கள் அடுத்தடுத்து வந்து சேரும்போது, தாம் என்ன பிழை செய்தோம், இறைவன் தம்மைக் கைவிட்டுவிட்டாரோ என்று கலங்குவது மனித இயல்பு. செல்வமும் சுகமும் இறைவனின் தயவுக்கு அடையாளம், நட்டமும் நோயும் அவரது கோபத்துக்கு அடையாளம் என்னும் எண்ணம் எம் எல்லோருடைய உள்ளத்திலும் ஏதோ ஒரு மூலையில் இருக்கவே செய்கிறது. ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்னர் இதே கலக்கத்தோடு வாழ்ந்த அரச அலுவலர் ஒருவர், கிறிஸ்தவ விசுவாசத்தின் ஒளியில் வாழ்வை முற்றிலும் வேறு கண்கொண்டு நோக்கத் தொடங்கினார். அவரே புனித தேவசகாயம்.

இன்று தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கும் நட்டாலம் என்னும் ஊரில், 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி அவர் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் இராச்சியத்துக்கு உட்பட்டிருந்தது. பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். உயர்குடி எனக் கருதப்பட்ட குடும்பத்தில், முன்னோரின் வழிபாட்டில் ஆழ்ந்த பற்றுடன் வளர்ந்த அவர், மார்த்தாண்ட வர்மா மன்னரின் பத்மநாபபுரம் அரண்மனையில் பொறுப்பான பதவியைப் பெற்றார். பார்கவி என்னும் பெண்ணை மணந்து மதிப்போடு வாழ்ந்து வந்தார்.

அவ்வாறிருக்கையில் அவரது இல்லத்தில் இழப்புகள் தொடர்ந்தன. கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன. தாம் உண்மையோடு செய்துவந்த வழிபாட்டுக்குப் பலன் இதுதானா என்ற வேதனை அவரை வாட்டியது. முகத்தில் படிந்த அத்துயரைக் கண்டுகொண்டவர் ஓர் அந்நியர்.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, திருவிதாங்கூர் மீது போர் தொடுத்து இங்கிருந்து படை அனுப்பியிருந்தது. அப்படை 1741ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி குளச்சலில் தோல்வியுற்றது. சிறைப்பட்டவர்களுள் ஒருவர் டி லனாய் என்னும் கத்தோலிக்கர். அவரது திறமையை உணர்ந்த மன்னர், தமது படைக்குப் பயிற்சி அளிக்கும் பணியை அவரிடமே ஒப்படைத்தார். உதயகிரிக் கோட்டைப் பணிகளின்போது நீலகண்டனும் அவரும் நெருங்கிப் பழகினர்.

நண்பரின் துயரைக் கேட்ட டி லனாய், அவருக்கு விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். யோபுவும் ஆடுமாடுகளை இழந்தவர்; பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்தவர். அவர் பாவம் செய்ததாலேயே இவையெல்லாம் நேர்ந்தன என நண்பர்கள் வாதாடினர். ஆனால் அது உண்மையல்ல என்பதே அந்நூல் காட்டும் முடிவாகும். இறைவனுக்கு உகந்தவனும் துன்புறக்கூடும். துன்புறும் வேளையிலும் அவன் இறைவனுக்கு உகந்தவனே. தோல்வியுற்று, தாய்நாட்டைப் பிரிந்து, கைதியாக வந்த ஒருவரின் வாயிலிருந்து வந்தமையால் இவ்வரலாறு நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டிருக்க வேண்டும்.

மடிந்த கால்நடைகள் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மாறாக, இழப்பைக் குறித்த அவரது பார்வை மாறியது. துன்பத்தைத் தூர நின்று அனுப்பும் கடவுளை அல்ல, சிலுவையில் தாமே துன்பத்தை ஏற்ற கடவுளை அவர் கண்டுகொண்டார். 1745ஆம் ஆண்டு வடக்கன்குளம் ஆலயத்தில், இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் விவிலியப் பெயர், இறைவனின் உதவி என்னும் பொருள்பட, தேவசகாயம் எனத் தமிழாயிற்று. அவர் மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்னும் பெயரை ஏற்றார்.

துன்பத்தைக் குறித்த பார்வை மாறியபோது மனிதரைக் குறித்த பார்வையும் மாறியது. பிறப்பினால் ஒருவர் உயர்ந்தவர், மற்றவர் தீண்டத்தகாதவர் என்று வகுத்திருந்த சமூகத்தில் வளர்ந்தவர் அவர். ஒரே தந்தையின் பிள்ளைகள் என்னும் விசுவாசத்தை அறிக்கையிட்ட பின், அந்த வேலிகளை அவரால் ஏற்க முடியவில்லை. எல்லா மக்களும் சமம் எனப் போதித்து, ஒதுக்கப்பட்டோருடன் வேறுபாடின்றிப் பழகினார். இது செல்வாக்குடையோரின் பகைமையைத் தூண்டியது. துரோகக் குற்றங்கள் அவர்மேல் பொய்யாகச் சுமத்தப்பட்டன. பதவி பறிக்கப்பட்டு, 1749ஆம் ஆண்டு சிறைப்படுத்தப்பட்டார்.

அதன் பின்னரான மூன்று ஆண்டுகளும் கொடிய வதையின் ஆண்டுகள். எருமையின் மீது பின்புறமாக அமர்த்தி, எருக்கம்பூ மாலையிட்டு ஊரூராக அவரை இழுத்துச் சென்றனர். அடித்த காயங்களில் மிளகாய்த் தூளைத் தேய்த்தனர். பெருவிளை என்னும் ஊரில் வேப்பமரத்தோடு சங்கிலியால் பிணைத்து, வெயிலிலும் மழையிலும் விட்டு வைத்தனர். விசுவாசத்தைக் கைவிட்டிருந்தால் இவ்வேதனைகளிலிருந்து தப்பியிருக்கலாம். அவரோ அசையவில்லை.

முன்னர் கால்நடைகளையும் பயிரையும் இழந்தபோது நிலைகுலைந்த அதே மனிதர், இப்போது பதவியையும் மதிப்பையும் இல்லற வாழ்வையும் இழந்தும் நிலைகுலையவில்லை. இந்த இழப்புகளில் அவர் இறைவனின் கோபத்தைக் காணவில்லை. இறைவனின் உடனிருப்பையே கண்டார். அவரை நாடி மக்கள் வந்தனர். கைதியாய் வந்த டி லனாய் ஒருகாலத்தில் அவருக்கு ஆறுதல் அளித்தார். இப்போது சங்கிலியால் பிணைக்கப்பட்ட அவரே மற்றவர்களுக்கு ஆறுதலளிப்பவரானார்.

இறுதியில் 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது எஞ்சிய உடற்பகுதிகளை மக்கள் மீட்டெடுத்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். 2012ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி நாகர்கோவிலில் அருளாளராக உயர்த்தப்பட்ட அவரை, 2022ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதன்முதலாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர் அவரே. முன்னர் அவரது பெயரோடு இணைத்து வழங்கப்பட்ட சாதிப் பெயரைத் திருச்சபை நீக்கிவிட்டது. அவர் யாருக்காகக் குரல் எழுப்பினாரோ, அவர்களுக்கு இது காலம் தாழ்த்தியேனும் செய்யப்பட்ட நீதி எனலாம்.

அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். மனைவியும் தொழிலும் வீட்டுக் கவலைகளும் கொண்ட இல்லறத்தார். ஆகவே அவர் வாழ்வு எமது குடும்பங்களுக்கு மிக அண்மையில் நிற்கிறது. இழப்பை அறியாத வீடு எம்மிடையே இல்லை. விசுவாசம் எமது இழப்புகளை ஈடுசெய்து தரும் என்று அவர் வாழ்வு வாக்களிக்கவில்லை. இழந்து நிற்கும் இடத்திலும் இறைவன் எம்மோடு நிற்கிறார் என்பதையே காட்டுகிறது. துயருறும் அயல்வீட்டாரைக் காணும்போது, இது அவர்கள் பாவத்தின் பலன் எனத் தீர்ப்பிடும் பழக்கத்தையும் அது கண்டிக்கிறது.

இவ்வாரம் துயரத்தில் இருக்கும் குடும்பம் ஒன்றைத் தேடிச் சென்று, சற்று நேரம் அவர்களோடு அமர்ந்திருப்போம். நாம் தரும் ஆறுதல் எத்தகைய கனியைத் தரும் என்பதை இறைவனே அறிவார். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.