மண்புழுவும் மாமேதையும்

சென்ற மழைக்காலத்தில் டில்லிப் பள்ளி ஒன்றின் மாணவர்களுக்கு மண் ஆய்வு கற்பிக்கச் சென்றேன். மண்ணின் அமிலத்தன்மையை அளந்து காட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி மண்புழுவைச் சுட்டி, இது இங்கே என்ன செய்கிறது என்று வினவினாள். மண் வேதியியலில் முதுகலை பயிலும் எனக்கு நா எழவில்லை! விடை தேடியபோதுதான் சார்லஸ் டார்வினின் இன்னொரு முகத்தைக் கண்டேன்.

1809இல் இங்கிலாந்தில் பிறந்த டார்வின், கப்பலில் உலகைச் சுற்றி 1836இல் திரும்பினார். மறு ஆண்டே, புல்வெளியில் தூவிய சுண்ணாம்பும் சாம்பற்கட்டியும் மண்ணுள் புதைவதற்கு மண்புழுவே காரணம் என்று இலண்டன் நிலவியல் கழகத்தில் உரைத்தார். இத்துணைச் சிறிய உயிரா இதைச் செய்யும் என்று ஐயுற்றோர் உண்டு. அவர் பொறுமையோடு காத்திருந்தார். 1842இல் டவுன் என்னும் சிற்றூரில், தம் வீட்டருகே வயலில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பினார்; 1871இல் தோண்டினார். 29 ஆண்டுகளில் அவை 7 அங்குலம் இறங்கியிருந்தன!

முதுமையில் தொட்டிகளில் புழு வளர்த்தார். மனைவி பியானோ வாசிக்க, மகன் குழலூத, அவற்றுக்குச் செவிப்புலன் இல்லையென்று கண்டார். ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் அவற்றின் குடல்வழி மேலே வருவதைக் கணக்கிட்டார். அனைத்தையும் 1881இல் நூலாக்கி, அடுத்த ஆண்டு மறைந்தார்.

மறு வாரம் மாணவரோடு ஓரடிச் சதுரக் குழிகள் தோண்டினேன். நாள்தோறும் சருகைக் கூட்டி எரிக்கும் திடலில் ஒரு புழுவும் இல்லை. வேலியோரச் சருகின் கீழ் ஏழு இருந்தன. இனிச் சருகை எரிக்க வேண்டாமென்று அச்சிறுமியே தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டாள்.