கோணிய விரல்கள் கூறும் பாடம்

சம்பளச் சீட்டை வாங்கியதும் தொழிலாளத் தோழனின் கண் முதலில் எங்கே போய் நிற்கிறது? பிடித்தம் என்ற இடத்தில்! நூறு ரூபாய்க்கு 75 காசு இ.எஸ்.ஐ.க்குப் போகிறது. முதலாளி தம் பங்காக 3 ரூபாய் 25 காசு கட்டுகிறார். எதற்கு இந்தக் கட்டாயம்? அவனவன் காசு அவனவன் கையில் இருக்கட்டும், நோய் வந்தால் விரும்பிய மருத்துவரிடம் போகட்டும் என்று வாதாடும் கனவான்கள் உண்டு. சர்க்கார் தலையிடாத சந்தையே சஞ்சீவி என்பது அவர்கள் சித்தாந்தம். சான்று எங்கே என்று கேட்டால் மதுரையைக் காட்டுகிறார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாரீர், அதைக் கண்ட டாக்டர் வெங்கடசாமியைப் பாரீர் என்கிறார்கள்.

பார்ப்போம். முழுமையாகவே பார்ப்போம்.

எட்டயபுரம் பக்கத்திலே வடமலாபுரம். கரிசல் காட்டுச் சிற்றூர். அங்கே உழவர் குடும்பத்தில், 1918 அக்டோபர் 1-ல் பிறந்தார் கோவிந்தப்ப வெங்கடசாமி. சிறுவனாக இருக்கையிலேயே, உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டார். மருத்துவம் கற்பது என்ற உறுதி அந்தச் சாவுகளிலே பிறந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் பட்டம் பெற்றார். இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்து பர்மா சென்றார். பேறுகால மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

வந்தது முடக்குவாதம்! 1948-ல் இராணுவம் அவரை விடுவித்தது. படுக்கையிலே கிடந்தார். விரல்கள் கோணின, கோணியது கோணியதுதான், நிமிரவே இல்லை. பேனா பிடிக்கவே பழக வேண்டியிருந்தவர், கண் மருத்துவம் கற்றார். கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தன அந்தக் கோணிய விரல்கள்.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். எர்ஸ்கின் மருத்துவமனையில், அதாவது இன்றைய அரசு இராசாசி மருத்துவமனையில், இருபது ஆண்டுகள் பணி. மருத்துவமனைக்கு வர வழியில்லாத ஏழைகளைத் தேடிச் சிற்றூர்களில் முகாம் நடத்தினார். 1973-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1976-ல், 58-ஆம் வயதில் ஓய்வு. ஓய்ந்தாரா? இல்லை! 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். வீட்டை அடகு வைத்தார்; குடும்பத்தார் நகைகளைத் தந்தனர். பணம் கொடுக்கக் கூடியவர் கொடுக்கட்டும், இயலாதவர் இலவசமாகப் பெறட்டும் என்பது ஏற்பாடு. ஏழை என்பதற்குச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்த வரிசை என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். ஒருவருக்கு அறுவை நடக்கையில் அடுத்தவர் பக்கத்து மேசையில் தயார். அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் உணவுக்கடைகள் எங்கும் ஒரே தரத்தில், ஒரே ஒழுங்கில் நடப்பதைக் கண்டு, கண் மருத்துவமும் அப்படி நடக்கலாகாதா என்று எண்ணியவர் அவர். சிற்றூர்ப் பெண்களைப் பயிற்றுவித்துச் செவிலியராக்கினார். 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் எழுந்தது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லை, இறக்குமதி விலையில் சிறு பகுதிக்குக் கிடைத்தது. அரவிந்தரை வழிபட்ட அவருடைய ஆன்மிகம் நம் வழியல்ல. ஆனால், பார்வை பெற்று ஊர் திரும்பிய மூதாட்டியின் முகத்திலே தெரிந்த மகிழ்ச்சி நமக்கும் உரியது.

கட்டாயக் காப்பீடு இல்லாமலே சாதித்தாரே என்கிறார்கள். உண்மை. செலவைக் கணக்கிட்டுக் குறைத்தார், தரத்தைக் குறைக்கவில்லை, அதுவும் உண்மை. காப்பீட்டு நிறுவனம் கட்டும் என்று தெரிந்தால் பில் வீங்கும் என்று அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. மறுக்கவில்லை நாம்.

ஆனால், ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பாதியில் வெட்டிச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையா? 1976-க்கு முன்பு இருபது ஆண்டுகள் அவர் கையில் கத்தி கொடுத்தது எது? அரசு மருத்துவமனை. அதை நடத்தியது எது? மக்களின் வரிப்பணம். முகாம் நோயாளிகளின் அறுவைக்குப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலிருந்து அரசுப் பணமும் வந்ததே, அதை ஏன் மறைக்கிறார்கள்?

இன்னொன்று. கண்புரை கொல்லாத நோய். ஒரு வாரம் பொறுக்கும். ஒரே அறுவையில் தீரும். செலவு முன்கூட்டியே தெரியும். இயந்திரத்தில் சிக்கிய கை பொறுக்குமா? மாரடைப்பு வந்தவன் நாலு இடத்தில் விலை விசாரிப்பானா?

1948-க்குத் திரும்புவோம், தோழர்களே! முப்பது வயது இளைஞர், வேலை போயிற்று, விரல் கோணிற்று. படிப்பு இருந்தது, மீண்டார். அதே விரல்கள் ஒரு தறித் தொழிலாளிக்குக் கோணியிருந்தால்? நோய் வந்த பின் அவனுக்குக் காப்பீடு விற்க எந்தச் சந்தை முன்வரும்? நோய் வருமுன் வாங்கியிருக்கலாமே என்பார்கள். திடகாத்திரமாய் இருக்கும்போது எவன் வாங்குவான்? நோயாளிகள் மட்டுமே சேர்ந்தால் கட்டணம் ஏறும். ஏற ஏற ஏழை விலகுவான். எல்லோரும் சேர்ந்தால்தான் சுமை இலேசாகும். கட்டாயத்தின் காரணம் இதுதான். 1883-ல் ஜெர்மனியில் தொழிலாளருக்கு இதைச் சட்டமாக்கிய பிஸ்மார்க், சமதர்மத்தின் பகைவர்! அவருக்கே புரிந்த கணக்கு இது.

இந்தியாவில் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்ததும் அதே 1948-ல்தான். திட்டம் 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காடு கிடைக்கிறது. சிகிச்சை மட்டுமல்ல, அடுப்பெரியவும் வழி! கண் மருத்துவமனை எவ்வளவு உயர்ந்ததானாலும் அந்த வேலையைச் செய்ய முடியாது. அது அதன் வேலையும் அல்ல.

ஆகவே, பிடித்தத்தை விடச் சம்மதியோம். ஆனால், அதன் பேரால் காத்துக் கிடக்கவும் சம்மதியோம். மாதந்தோறும் காசு கட்டியவன் யாசகன் அல்ல, உரிமைக்காரன். மருந்து இல்லை, நாளை வா என்ற பதில் அவனுக்கு வேண்டாம். இலவச வரிசைக்கும் கட்டண வரிசைக்கும் ஒரே மருத்துவர்கள், ஒரே தரம் என்று நடத்திக் காட்டினாரே மதுரையில் ஒருவர். அந்த ஒழுங்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் கேட்போம். சங்கக் கூட்டத்தில் கேட்போம், சட்டமன்றத்திலும் கேட்போம்.

2006 ஜூலை 7-ல் டாக்டர் வெங்கடசாமி மறைந்தார். கோணிய விரல்களால் இலட்சம் பேருக்கு ஒளி கொடுத்தவர். அவரைக் காட்டி, உழைப்பவனின் காப்பை உருவிக்கொள்ள விடமாட்டோம்.