போர்க்களம் புகுந்த மருத்துவர் ரங்கராஜ்

நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தவர் வள்ளுவர். அமைதி நிலவும் ஊரில் இந்நான்கும் ஓரிடத்தே கூடுதல் எளிது. போர்க்களத்திலோ காயமுற்றவன் ஓரிடத்தும் மருத்துவன் வேறிடத்தும் இருப்பர். அந்த இடைவெளியே பல உயிர்களைக் குடித்துவிடுகிறது. அதனைக் குறைக்கத் தம் உயிரைப் பொருட்படுத்தாது உழைத்த தமிழக மருத்துவர் ஏ. ஜி. ரங்கராஜ் அவர்களின் வரலாற்றை நம் மாணவச் செல்வங்களுக்கு இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

விழுப்புண் பட்டு வீடு வந்த வீரனைக் காக்க வேப்பிலை செருகி, ஐயவி தூவி, நறும்புகை எழுப்பிக் காஞ்சி பாடிய மகளிரைப் புறநானூறு காட்டுகிறது. அவன் வீடு வந்து சேர்ந்தால்தான் அப்பணிவிடை அவனுக்கு வாய்க்கும். களத்திலேயே வீழ்ந்து கிடப்பவனை யார் காப்பது? நெப்போலியன் படையின் மருத்துவர் லாரே, விரைந்தோடும் குதிரை வண்டிகளைக் களத்திற்கே செலுத்தி இவ்வினாவிற்கு விடை கண்டார். ரங்கராஜ் அவ்வழியில் வந்தவர்.

நம் செவ்வாப்பேட்டை வழியே செல்லும் மின்தொடர் வண்டி சென்று முடியும் சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரே அமைந்துள்ளது சென்னை மருத்துவக் கல்லூரி. அங்குப் பயின்ற ரங்கராஜ் படைத்துறை மருத்துவரானார். 1941இல் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்குடன் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார். படைத்துறையில் அவ்வாறு முதன்முதலாகக் குதித்த இந்தியர் இவ்விருவரே.

1950 ஜூன் திங்களில் கொரியப் போர் மூண்டது. இந்தியா போரிடும் படையை அனுப்பவில்லை. அறுபதாவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்னும் மருத்துவப் பிரிவை அனுப்பியது. ஆம்புலன்ஸ் என்றவுடன் நாம் வண்டியை நினைக்கிறோம். படைத்துறையிலோ அச்சொல் மருத்துவர், உதவியாளர், அறுவைக் கருவிகள், கூடாரங்கள் அனைத்தும் அடங்கிய ஒரு பிரிவைக் குறிக்கும். களத்திலேயே குருதிப்போக்கை நிறுத்துதல், முறிந்த எலும்பு அசையாமல் மட்டை வைத்துக் கட்டுதல், ஸ்டிரெச்சரில் சுமந்து வருதல், உடன் அறுவை செய்யாவிடில் பிழையார் எனத் தோன்றுவோருக்கு அருகிலேயே அறுவை செய்தல், ஏனையோரைப் பின்னிருக்கும் மருத்துவமனைக்கு அனுப்புதல் ஆகியவை அதன் கடமைகள். லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில் அப்பிரிவு 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கியது.

அடுத்த திங்களே பெருஞ்சோதனை வந்தது. சீனப் படைகள் நெருங்கவே, ஐக்கிய நாடுகள் சபையின் படைகள் பியோங்யாங் நகரை விட்டுப் பின்வாங்கின. மருத்துவப் பிரிவிற்கு வண்டிகள் இல்லை. கருவிகளை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் தப்பிச் செல்வது ஒரு வழி. ஆனால் கருவியும் மருந்தும் இழந்த மருத்துவன் காயமுற்றவனுக்கு என்ன செய்ய இயலும்? வள்ளுவர் கூறிய நான்கில் ஒன்றை இழக்க ரங்கராஜ் உடன்படவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் அவர்தம் வீரர்கள் கண்டெடுத்தனர். வரிசையாக நின்று வாளி வாளியாக நீர் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினர். எஞ்சின் இயக்கத் தெரிந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பாலங்கள் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னர் அவ்வண்டி தேதோங் ஆற்றைக் கடந்தது. அன்று காப்பாற்றிய கருவிகளைக் கொண்டே அப்பிரிவு பணியைத் தொடர்ந்தது.

பின்னர் அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி காமன்வெல்த் படையுடன் களமுனைக்குச் சென்றது. மற்றது மேஜர் பானர்ஜி தலைமையில் தேகு நகரில் கொரிய வீரர்க்கும் பொதுமக்களுக்கும் மருத்துவம் செய்தது. 1951 மார்ச் 23 அன்று மூவாயிரத்திற்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் முன்சான்னி அருகே பாராசூட்டில் குதித்தபோது, ரங்கராஜும் தம் குழுவினருடன் உடன் குதித்தார். பிறர் போரிடக் குதித்தனர். இவர் வீழ்வோரைத் தூக்கக் குதித்தார். காயமுற்றவன் மருத்துவனை நாடி வரும் தொலைவை இல்லாமலாக்கியது அச்செயல்.

அப்பிரிவு 1954 வரை கொரியாவில் பணியாற்றி, ஏறத்தாழ 2 இலட்சம் பேருக்கு மருத்துவம் செய்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பெற்றது. அவர் மறைந்து ஆண்டுகள் பல கடந்தபின், 2020இல் தென்கொரிய அரசு கொரியப் போர் வீரராக அவரைச் சிறப்பித்தது.

படைப்பணிக்குப் பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணிக்குத் தலைமை தாங்கினார். மலைநாட்டுச் சிற்றூர்களுக்கெல்லாம் அம்மைத் தடுப்புக் குழுக்கள் தேடிச் சென்றன. அங்கும் அதே நெறிதான்: நோயாளி வரும்வரை காத்திராமல், மருத்துவனே அவனை நாடிச் செல்லுதல்.

நம் பகுதியில் தொழிற்சாலைகளும் பெருஞ்சாலைகளும் பெருகியுள்ளன. நேர்ச்சிக்குள்ளாகி வீழ்ந்தவனைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. குருதியை நிறுத்தத் தெரிந்த கைகளோ மிகச் சில. மருத்துவனாதல் எல்லார்க்கும் இயலாது. ஆயினும் வள்ளுவர் சொன்ன நான்காமவன், அருகிருந்து துணை செய்பவன், ஆதல் எவர்க்கும் இயலும். முதலுதவி கற்று அவ்விடத்தை நிரப்புவதே ரங்கராஜ் அவர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.