கணினி யுகத்தின் முன்னோடி அலன் ரூரிங்



இன்று கையடக்கத் தொலைபேசியிடம் ஒரு வினாவைத் தொடுத்தால், அது மனிதரைப் போன்றே விடை எழுதித் தருகின்றது. 2022 ஆம் ஆண்டின் இறுதியில் சற்ஜிபிடி வெளிவந்த பின்னர், செயற்கை நுண்ணறிவு என்னும் சொல் வீட்டுக்கு வீடு ஒலிக்கின்றது. இயந்திரம் சிந்திக்குமா என்று பெரியோரும் சிறியோரும் வாதிடுகின்றனர். இவ்வினாவை 1950 ஆம் ஆண்டிலேயே எடுத்து ஆராய்ந்தவர் அலன் ரூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித மேதை.

அவர் 1912 ஆம் ஆண்டு யூன் 23 ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தந்தை யூலியஸ், சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி புரிந்தவர். தாய் எதெல் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். பெற்றோர் பணியின் நிமித்தம் இந்தியா திரும்ப, அலனும் தமையன் யோனும் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தனர். உற்றாரைப் பிரிந்து வாழும் துயரை நம்மிற் பலர் நன்கறிவோம்.

1926 ஆம் ஆண்டு, பதின்மூன்று வயதில், ஷேர்போர்ண் பாடசாலையிற் சேரப் புறப்பட்டார். அவ்வேளை நாடெங்கும் பொது வேலைநிறுத்தம், புகையிரதங்கள் ஓடவில்லை. சிறுவன் தயங்கவில்லை. சவுதாம்ரனிலிருந்து ஏறத்தாழ அறுபது மைல் தூரத்தைத் தனியே மிதிவண்டியிற் கடந்து பாடசாலையை அடைந்தான்.

ஆனால் அங்கே அவருக்குப் பாராட்டு அரிதாகவே கிடைத்தது. கையெழுத்து அலங்கோலம், வேலையில் ஒழுங்கில்லை என்று ஆசிரியர்கள் குறை கூறினர். விஞ்ஞானத்தில் மட்டும் நாட்டங்கொண்ட பிள்ளை இப்பாடசாலையிற் காலத்தை வீணாக்குகின்றான் என்பது அதிபரின் எண்ணம். இதனைப் படித்தபோது என் நெஞ்சு குறுகியது. ஊரில் ஆசிரியனாய் இருந்த காலத்தில், கையெழுத்தைக் கண்டு முகஞ்சுளித்து, அதனுள் இருந்த கருத்தைக் காணாது நானும் எத்தனை கொப்பிகளை மூடினேனோ!

பாடசாலையில் அவருடைய அறிவார்வத்தைப் பகிர்ந்த உற்ற நண்பர் கிறிஸ்ரோபர் மோர்கொம். அவர் 1930 ஆம் ஆண்டு நோயால் இறந்தார். உடல் அழிந்த பின் மனம் என்னாகும், உடலும் மனமும் எவ்வாறு இணைந்துள்ளன என்ற வினாக்கள் அன்று அலனைப் பற்றிக்கொண்டன.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பயின்ற அவர், 1936 ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் கற்பனை இயந்திரம் ஒன்றை விவரித்தார். கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட முடிவற்ற நாடா ஒன்று. கட்டத்திலுள்ள குறியை வாசித்து, அழித்து, வேறு குறி எழுதி, இடமோ வலமோ நகரும் கருவி ஒன்று. அது பின்பற்றவேண்டிய விதிகள் சில. அவ்விதிகளையும் நாடாவிலேயே எழுதிவிட்டால், ஒரே இயந்திரம் எவ்வகைக் கணிப்பையும் செய்யும் என்று நிறுவினார். ஒரே தொலைபேசி பாடலும் இசைத்து, கடிதமும் எழுதி, கணக்கும் பார்ப்பது இத்தத்துவத்தினாலேயே.

1939 ஆம் ஆண்டு உலகப்போர் மூண்டது. ஜேர்மானியர் தம் செய்திகளை எனிக்மா என்னும் பொறியால் மறைகுறியாக்கி அனுப்பினர். போலந்துக் கணித அறிஞர்கள் முன்னரே கண்டறிந்து வழங்கிய வழிகளைத் தொடர்ந்து, ரூரிங் பிளெச்லி பார்க்கில் மறைகுறிகளை உடைக்கும் பொறியை வடிவமைத்தார். நீர்மூழ்கிகளின் இருப்பிடம் தெரியவரவே, உணவேற்றி வந்த கப்பல்கள் பல தப்பின. இப்பணி 1970 கள் வரை இரகசியமாகவே இருந்தது.

போரின் பின் கணினி வடிவமைப்பில் ஈடுபட்ட அவர், 1948 இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகம் சென்றார். 1950 ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு சோதனையை முன்வைத்தார். மறைவில் ஒரு மனிதரும் ஓர் இயந்திரமும் இருப்பர். நடுவர் எழுத்து மூலம் இருவரிடமும் வினவுவார். விடைகளைக் கொண்டு எது இயந்திரம் என்று அவரால் பிரித்தறிய முடியாவிடின், அது சிந்திக்கவில்லை என்று நாம் எவ்வாறு கூறுவது? இன்றைய வாதம் அனைத்தும் இவ்வினாவின் தொடர்ச்சியே.

1952 ஆம் ஆண்டு தம் வீட்டில் நடந்த களவு குறித்துக் காவல்துறையிடம் முறையிட்டார். விசாரணையில், அவர் ஓர் ஆணோடு உறவு கொண்டிருந்தமை வெளிப்பட்டது. அது அக்காலச் சட்டப்படி குற்றம். நாட்டைக் காத்தவர் நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். சிறைக்குப் பதிலாக உடலை வருத்தும் ஓமோன் மருந்தை ஏற்றார். அரசின் இரகசியப் பணிகளும் அவருக்கு மறுக்கப்பட்டன. 1954 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் நாள் சயனைட்டு நஞ்சால் இறந்தார். மரண விசாரணை அதனைத் தற்கொலை எனத் தீர்த்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்றே.

2009 இல் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021 இல் ஐம்பது பவுண் தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. இவற்றுள் ஒன்றையேனும் அவர் காணவில்லை.

மாணவச் செல்வங்களே, விடை கிடைக்காத வினாவைக் கைவிடாதீர்கள். பெற்றோரே, ஆசிரியரே, ஏனைய பிள்ளைகளினின்றும் வேறுபட்டு நிற்கும் பிள்ளையை அரவணைத்துக் கொள்வோம். காலங்கடந்து கோரும் மன்னிப்பு, போன உயிரை மீட்பதில்லை.