கடல் கடந்த கடிதங்கள்

கொசுவால் மலேரியா பரவுகிறது என்பது இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. அதை மெய்ப்பித்தவர் ரொனால்டு ராஸ் என்பதும் நாம் படித்ததே. ஆனால் அது இருவர் கூடிக் கண்ட முடிவு என்பதையும், அவ்விருவரையும் கடல் பிரித்திருந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1857-இல் அல்மோராவில் பிறந்த ராஸ், 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். மலேரியாக் கிருமியை லவரான் 1880-இலேயே கண்டறிந்திருந்தார். ராஸோ பன்முறை தேடியும் காணாமல், அப்படி ஒன்று உண்டா என்றே ஐயுற்றார். 1894-இல் லண்டனில் பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் அவரை அருகில் அமர்த்தி, நுண்ணோக்கியில் அக்கிருமியைக் காட்டினார். நூல்களால் தீராத ஐயம் நேரில் கண்டதும் தீர்ந்தது. கிருமியைக் கொசு சுமக்கலாம் என்ற தம் கருத்தையும் மேன்சன் எடுத்துரைத்தார்.

1895-இல் ராஸ் இந்தியா திரும்பியபின் கடிதங்களே பாலமாயின. அவர் எழுதியவை மட்டும் நூற்றுக்கு மேல். கப்பலில் போன கடிதத்துக்கு மறுமொழி வர ஒரு மாதத்துக்கு மேலாகும். அத்தாமதத்திலும் நன்மை இருந்தது. கண்டதை ஒழுங்குபடுத்தித் தெளிவாக எழுத வேண்டியிருந்தது. சோர்ந்த வேளையில் மேன்சனின் கடிதம் ஊக்கம் தந்தது. குறையும் இல்லாமலில்லை. கொசு இறந்து கிடக்கும் நீரைக் குடிப்பவருக்கே நோய் வரும் என மேன்சன் கருதினார். அதை நம்பி ராஸ் சிலருக்கு அத்தகைய நீரைக் கொடுத்துப் பார்த்துக் காலம் இழந்தார். கொசுவினங்களை நன்கறிந்தவர் துணையும் அவருக்கு வாய்க்கவில்லை; மேன்சனும் அத்துறையில் வல்லவரல்லர். ஆதலால் மலேரியாவைச் சுமக்காத இனங்களையே நெடுநாள் அறுத்துப் பார்த்தார்.

1897 ஆகஸ்ட் 20 அன்று சிகந்தராபாத்தில் விடை கிடைத்தது. கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி பெற்ற உசேன் கான் என்ற நோயாளியின் குருதியை உண்ட கொசுவின் இரைப்பைச் சுவரில், கிருமியின் வளர்நிலையை ராஸ் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்வதையும் கண்டார். அதாவது நோய் குடிநீரால் அன்று, கடியால் பரவுகிறது! இச்செய்தி கப்பலுக்குக் காத்திருக்கவில்லை, தந்தியில் பறந்தது. 1898 ஜூலையில் எடின்பரோவில் கூடிய மருத்துவர் மாநாட்டில் மேன்சன் அதை அறிவித்தார்.

அதே ஆண்டில் இத்தாலியில் கிராஸியும் துணைவரும் மனித மலேரியாவைச் சுமக்கும் கொசுவினத்தை நிறுவினர். விலங்கியல் வல்லுநரான கிராஸியும் ராஸும் கூடி உழைத்திருக்கலாம். ஆனால் முதன்மை யாருக்கு என்ற பூசலே மிஞ்சியது. ராஸ் 1902-இல் நோபல் பரிசு பெற்றார், 1932-இல் மறைந்தார்.

காட்ட வேண்டியதை நேரில் காட்டினர். சிந்திக்க வேண்டியதைக் கடிதத்தில் சிந்தித்தனர். விரைந்து சொல்ல வேண்டியதைத் தந்தியில் சொன்னார். வழி திறந்திருந்த இடத்தில் அறிவு வளர்ந்தது. அடைபட்ட இடத்தில் ஆண்டுகள் கழிந்தன. ஆய்வுக்கூடத்தில் அடுத்த மேசை நண்பனிடம் ஐயம் கேட்கத் தயங்கும் நமக்கு இதில் பாடம் உண்டன்றோ!