தந்தையின் நாட்டைத் தேடி வந்த மகன்: கலாநிதி ஆனந்த குமாரசுவாமி

எமது புத்தளக் கரையோரம் நாட்டுக்குத் தந்த அறிஞர் சைமன் காசிச்செட்டி. 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் பற்றிய விபரங்களை அகரவரிசையில் தொகுத்து 1834இல் நூலாக வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1859இல் தந்தார். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழருக்குரிய ஆசனம் அவருக்குக் கிடைத்தது. அதே ஆசனத்தில் அவருக்கு முன் அமர்ந்திருந்தவர், பருத்தித்துறைப் பக்கத்துக் கெருடாவிலில் பிறந்த குமாரசுவாமி முதலியார். அந்த முதலியாரின் பேரனே இக்கட்டுரையின் நாயகர்.

முதலியாரின் மகன் சேர் முத்துக்குமாரசுவாமி இங்கிலாந்தில் பாரிஸ்டரானவர். அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கில நாடகமாக்கியவர். பாளி நூல்களையும் மொழிபெயர்த்தவர். எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். அவர்களின் ஒரே பிள்ளையான ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தாய் அவரைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். தந்தை பின்னர் வந்து சேர்வதாக இருந்தது. ஆனால் 1879 மே 4ஆம் திகதி அவர் கொழும்பிலேயே காலமானார். தாய் மகனுடன் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். பிள்ளைக்குத் தந்தையின் முகம் நினைவில் இல்லை. தந்தையின் மொழி புழங்கும் சூழலும் இல்லை. எஞ்சியிருந்தது பெயர் ஒன்றுதான்.

வைக்கிளிஃப் கல்லூரியிலும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் படித்தார். புவிச்சரிதவியலும் தாவரவியலும் அவருடைய பாடங்கள். 1902இல் எதெல் பார்ட்ரிஜ் என்னும் ஆசிரியையை மணந்தார். எதெல் டெவன் பகுதியின் பார்ன்ஸ்டபிள் நகரில் பிறந்து சங்கீதம் பயின்றவர். கணவருக்கு ஐந்து வயது மூத்தவர். இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளர் பதவி ஆனந்தருக்குக் கிடைத்தது.

அரசாங்கம் அவரை அனுப்பியது கல்லைத் தேடத்தான். அந்த வேலையிலும் அவர் குறை வைக்கவில்லை. தோரியனைட் என்னும் கனிமம் 1904இல் உலகுக்குத் தெரியவந்தது அவருடைய தேடலால்தான். ஆனால் கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் நடந்தவரின் கண்ணில் வேறொன்றும் பட்டது. விகாரைச் சுவர்களில் சித்திரம் தீட்டுவோர், யானைத் தந்தத்தில் செதுக்குவோர், பித்தளை வார்ப்போர், பாய் இழைப்போர், குயவர் எனப் பரம்பரையாகத் தொழில் செய்தோர் அங்கே இன்னும் இருந்தார்கள். அவர்களை ஆதரித்த கண்டி அரசு 1815இல் மறைந்துவிட்டது. மலிவான இறக்குமதிப் பொருள்கள் சந்தைக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் தொழிலை விட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு தலைமுறை போனால் கேட்பதற்கும் ஆளிராது என்பதை அவர் கண்டுகொண்டார்.

எழுத வேண்டியதை அவர் எழுதினார். படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் எதெல். அக்காலத்தில் படம் எடுப்பது இன்றைய வேலையன்று. பெட்டி போன்ற புகைப்படக் கருவி, மரத்தாலான முக்காலி, கறுப்புத் துணி, ஒரு படத்துக்கு ஒன்றாகக் கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் சுமந்து செல்ல வேண்டும். தகடு விழுந்தால் உடையும். வெளிச்சம் பட்டால் கெடும். எமது நாட்டு வெக்கையும் ஈரமும் தகட்டின் மேற்பூச்சை இளக்கிவிடும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து எதெல் பிடித்த படங்கள் இல்லாவிடின், அந்தக் கைவினைஞர்களின் வேலைகள் பலவற்றை நாம் இன்று எழுத்தில் மட்டுமே வாசித்துக்கொண்டிருப்போம்.

இந்தப் பயணங்கள் ஆனந்தரையும் மாற்றின. வழியில் ஒருநாள், பொருந்தாத ஐரோப்பிய உடையணிந்து வந்த உள்ளூர்த் தாயொருத்தியையும் பிள்ளையையும் கண்டார். அக்காட்சி அவரை விட்டகலவில்லை. 1905இல் அதைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் உருவானது. அதன் தலைவரும் அவரே. கண்டித் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களையும் கைவினைகளையும் காக்குமாறு வேண்டினார். தாய்மொழியைப் புறந்தள்ளிய கல்வி, பிள்ளையைத் தன் பாட்டிக்கே அந்நியமாக்கிவிடும் என்பது அவருடைய கவலை. தந்தையின் மொழி கேளாமல் வளர்ந்த ஒருவரே இதை முதலில் உரத்துச் சொன்னவர்களுள் ஒருவர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இழந்தவருக்கே இழப்பின் அளவு தெரிந்திருந்தது.

இலங்கையில் அவருக்கு உறவினரும் இருந்தார்கள். பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் தந்தையின் தமக்கை மக்கள், அதாவது அவருக்கு மாமி மகன்மார். வயதில் மிக மூத்தவர்கள், நாடறிந்த பெரியவர்கள். எனினும் உறவுமுறை பிறப்பால் வந்துவிடும். நாட்டை அறிவது அப்படி வராது. அதை அவர் ஊர் ஊராக நடந்து, பார்த்து, கேட்டு ஈட்டிக்கொண்டார்.

1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. இருவரும் இங்கிலாந்து திரும்பி, புரோட் கம்டன் என்னும் கிராமத்தில் குடியேறினார்கள். ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மொறிஸ் முன்னர் பயன்படுத்திய கையச்சு இயந்திரம் அங்கே கிடைத்தது. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அதில் அச்சாகி 1908இல் வெளிவந்தது. பிரதிகள் 425 மட்டுமே. தமிழ்த் தந்தையின் மகன், ஆங்கிலேய மனைவியின் துணையோடு, சிங்களக் கைவினைஞருக்கு எடுத்த நினைவுச்சின்னம் அது.

அவர்களின் இல்லறம் நீடிக்கவில்லை. பிரிந்தபின் எதெல் நெசவைத் தம் வாழ்க்கையாக்கிக்கொண்டார். தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் நூல் எழுதினார். டிச்லிங் என்னும் ஊரில் நெசவுக்கூடம் நடத்திப் பலரைப் பயிற்றினார். எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் நெசவுக்கலை வரலாற்றில் நிலைத்து, 1952இல் காலமானார்.

ஆனந்தரின் பிற்கால வாழ்வு பலரும் அறிந்தது. 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையில் இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். சிவநடனம் பற்றிய கட்டுரையைக் கொண்ட அவருடைய நூல் 1918இல் வெளியானபின், நடராசர் திருவுருவை உலகம் புதுக் கண்ணோடு பார்த்தது. 1924இல் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் அல்ஃபிரட் ஸ்ரிக்லிற்சின் 27 படங்களை அக்காட்சிச்சாலைக்குப் பெற்றுக்கொடுத்தார். புகைப்படமும் கலையா என்று பலர் ஐயுற்ற காலம் அது. 1947இல் தமது எழுபதாவது பிறந்தநாளின்போது, இந்தியாவுக்குத் திரும்பி இமயமலைச் சாரலில் ஒதுங்கி வாழப்போவதாக அறிவித்தார். அது கைகூடவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவிலேயே உயிர் பிரிந்தது. தந்தை போக எண்ணிய பயணத்திலும் மகன் திரும்ப எண்ணிய பயணத்திலும் மரணம் குறுக்கிட்டது.

கொழும்பில் தேசிய கலாபவனம் அமைந்துள்ள வீதிக்கு அவருடைய பெயரே இடப்பட்டிருக்கிறது. அவ்வழியே செல்லும்போது எம் மாணவியர் அப்பெயர்ப் பலகையை ஒருமுறை நின்று வாசிக்க வேண்டும். ஆனால் அங்கே எதெலின் பெயர் இல்லை. அந்த நூலைப் போற்றுவோர் பலருக்கும் படம் எடுத்தவர் யாரென்று தெரியாது.

இன்று கைத்தொலைபேசி உள்ள எவரும் புகைப்படம் எடுக்கலாம். உடப்பில் கரைவலை இழுப்போரின் கைகள், புத்தளத்து உப்பளத்தில் உப்பு வாருவோர், கற்பிட்டியில் கருவாடு காயப்போடும் பெண்கள், எம் வீடுகளில் பன்பாய் இழைக்கத் தெரிந்த கடைசி மூதாட்டிகள் எல்லோரும் கண்முன்னே இருக்கிறார்கள். நமக்கு வேரைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. அம்மம்மாவிடமோ உம்மும்மாவிடமோ உட்கார்ந்து, அந்தப் பின்னலுக்கு என்ன பெயர், யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் போதும். அவர் சொல்வதை எழுதி வையுங்கள், படமும் எடுங்கள். படத்தின் பின்னால் அவருடைய பெயரையும் ஊரையும் திகதியையும் குறியுங்கள். எடுத்தவள் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.